ஷோரூமில் நிற்கும் மாதா

நடக்க முடியாத மனைவி விமலாராணியை வருஷாவருஷம் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு அழைத்துப் போகத்தான், பீங்கான் சூளைத் தொழிலாளி காஸ்பர் பழைய கடனெல்லாம் அடைத்த கையோடு கார் வாங்கினார். வாரண்டி இருந்தவரை ஷோரூமில் டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். அது முடிந்த பிறகு, கியர் விழவில்லையென்று விட்ட வண்டி அங்கேயே கிடந்தது. எப்போது கேட்டாலும், “பார்ட்ஸ் வரணும் சார்” என்றார்கள்.

கொடியேறும் நாளும் வந்துவிட்டது. காஸ்பர் அவளை ஆட்டோவில் ஷோரூமுக்கே கூட்டிப் போனார்.

“ஓடாத வண்டில ஏறி எங்கங்க போறது?”

“ஏறி உக்காரு. மாதா உள்ளதான இருக்குது.”

ஸ்டியரிங்குக்கு முன்னால், அவர் சூளையில் சுட்டு ஒட்டிவைத்த மாதா சுரூபம் தூசி படிந்து நின்றது. விமலாராணி அதை முந்தானையால் துடைத்துவிட்டு ஜெபமாலையை எடுத்தாள். காஸ்பர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெளியே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.