சிவப்பு நூல் கட்டிய பூ

சென்ற வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் அக்கா ஆண்டவரில் இளைப்பாறினார்கள். அவர்களுடைய முதல் வருஷப் பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்காக இந்த நினைவு மலரை அச்சிட்டோம். சித்தப்பா எழுதிக் கொடுத்த குறிப்பில் "சந்ததியின்றி மறைந்தவர்" என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்தவள் தங்கையாகிய நான்தான். ஏன் அடித்தேன் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது சாந்தோமில், கடற்கரைக்குப் பின்தெருவில். அப்பா இறந்தபோது அவர்களுக்குப் பதினாறு வயது. பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகச் சேர்ந்து என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விட வேண்டும் என்றார்கள். அக்கா அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, அக்காவும் வருந்தவில்லை.

தம் தேசத்துக்குத் திரும்பிய கன்னியாஸ்திரீ ஒருவர் இரண்டு தொட்டிச் செடிகளை அக்காவிடம் விட்டுப்போனார். ஒன்றில் மஞ்சள் பூ, மற்றதில் செம்பு நிறப் பூ. காலையில் மலர்ந்தால் அன்றைக்கே வாடிவிடும். அதனால் "ஒருநாள் லில்லி" என்று நாங்களே பெயர் வைத்தோம். இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு பூவை உண்டாக்க வேண்டும் என்று அக்காவுக்கு ஒரே பிடிவாதம். விடிந்ததும் செம்புப் பூவின் மகரந்தத்தை எடுத்து மஞ்சள் பூவின் நடுத்தண்டின் நுனியில் தடவுவார்கள். தடவிய பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டுவார்கள். பூ வாடிய இடத்தில் காய் பிடித்தால்தான் விதை. ஆறு கோடையாக ஒன்றும் பிடிக்கவில்லை. பட்டினப்பாக்கத்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, "தான் ஒரு கண்ணாலம் கட்டிக்கல, பூவுக்குக் கண்ணாலம் பண்ணிக்கினு கீது" என்றார். அக்கா அடுத்த பூவுக்கு நூல் கட்டினார்கள்.

ஏழாம் கோடையைக் கெடுத்தவள் நான். மே மாதம் முழுக்க, நாளுக்கு ஒரு வீடாக மாதாவுக்குப் பூ வைப்பது எங்கள் பங்கின் வழக்கம். எங்கள் முறை வந்த காலையில், நூல் கட்டிய மூன்று பூக்களையும் பறித்துத் தட்டில் வைத்துவிட்டேன். இருப்பதில் நல்ல பூவுக்குத்தான் அக்கா நூல் கட்டுவார்கள். மாதாவுக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்? கிணற்றடியிலிருந்து வந்த அக்கா தட்டைப் பார்த்தார்கள். என்னைத் திட்டவில்லை, அழுதார்கள். அப்பா இறந்தபோதுகூட அவர்கள் அழுது நான் பார்த்ததில்லை.

மறு வருஷம் எங்கள் முறையன்று அக்கா பூவைப் பறிக்கவே இல்லை. நூல் கட்டிய பூவோடு தொட்டியையே தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்கள். உபதேசியார் வாசலில் மறித்தார். மண்ணும் சேறுமாக உள்ளே வரக்கூடாது என்றார். சாயந்திரத்துக்குள் சாகிற பூ மாதாவுக்கு எதற்கு என்றும் கேட்டார்.

"செத்தாத்தான் காய்க்கும், உபதேசியாரே. பறிச்சா காய்க்காது. மாதாவே பாத்துக்கட்டும்" என்றார்கள் அக்கா. தொட்டியைப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு முழந்தாளிட்டார்கள். அதை எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பூ காய் பிடித்தது. ஐந்து விதைகளில் இரண்டு முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. மிஞ்சிய ஒன்று மூன்றாம் வருஷம் பூத்தது, அடியில் மஞ்சளும் மேலே மாதுளந்தோல் சிவப்புமாக. அப்படி ஒரு பூ அதற்குமுன் இந்த ஊரில் இல்லை. அத்தைகூட வந்து பார்த்துவிட்டுப் பக்கக்கன்று ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார்.

கடைசிக் காய்ச்சலில் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எனக்குன்னு ஒரு பூவும் பறிக்காதே." அடக்கத்தன்று பெட்டியின்மேல் பூவே இல்லை என்று பலர் முணுமுணுத்தீர்கள். இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

மழையிலும் தினம் வந்து பார்த்த மயிலாப்பூர் டாக்டருக்கும், முழங்கால் தண்ணீரில் பெட்டியைச் சுமந்த பட்டினப்பாக்கத்து அண்ணன்மாருக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அத்தைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். வாசலில் கன்றுகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். சித்தப்பாவுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். சந்ததி இல்லை என்று எழுதியவர் தம் கையால் அதற்குத் தண்ணீர் ஊற்றட்டும்.