பிரேக் அக்காவின் மௌனம்

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்துக்கொண்டே வாய் ஓயாமல் திட்டுவாள்.

"ஸ்டியரிங்கை எதுக்கு இப்படிக் கட்டிப் பிடிக்கிறீங்க? அது எங்கயும் ஓடிப்போயிடாது!"

அவளிடம் திட்டு வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். அதனால் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

அப்பேர்ப்பட்ட வாய் சில வருடங்களுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். பசிக்காது, தூக்கம் பிடிக்காது, குளிப்பதே பெரும்பாடாகிவிடும். முதல் தடவை பிரசவத்தைக் காரணம் சொன்னார்கள். அடுத்தது அப்பா இறந்த துக்கம். அதற்கடுத்தது வீடு மாறிய அலைச்சல். நான்காம் முறை எவ்வளவு தேடியும் காரணம் அகப்படாததில் உறவினர்களுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

அந்த நான்காம் முறைதான், பேங்கில் ஓய்வுபெற்ற ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பிரேக் அக்கா அசையவே இல்லை. அவரே பதறி ஓரமாக நிறுத்தினார்.

"மேடம், நான் பாட்டுக்குச் சிக்னலைத் தாண்டிட்டேன். நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"பாத்தேன் சார்" என்றாள் அவள்.

அன்று மாலையே ஸ்கூல் முதலாளி அவளுடைய கணவனைப் போனில் கூப்பிட்டார். "இந்த வாரம் என்னைக்கூட திட்டலைங்க. எனக்குப் பயமா இருக்கு."

கணவன் அவளை முந்தைய தடவைகளில் பார்த்த அதே மனநல டாக்டரிடம் அழைத்துப்போனான். உடம்பு தேறியதும் மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடுவது அவள் வழக்கம் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். இந்தத் தடவை நாக்குப் புண், கால் மரமரப்பு என்று அவள் சொன்னதால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். பி12 அடிமட்டத்தில் கிடந்தது. ஃபோலேட்டும் குறைவு.

"மனசை நிதானமா வச்சிருக்கிற சில ரசாயனங்களை மூளை தயாரிக்கிறதுக்கு இந்த வைட்டமின்கள் வேணும். வீட்ல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

"அண்ணனுக்கு வரும். அப்பாவுக்கும் இருந்துச்சு. நாங்க அதைச் சோம்பேறித்தனம்னு நெனச்சோம்."

ஜீன் பரிசோதனை தேவையில்லை என்று டாக்டர் சொல்லியும், உயிரியல் படிக்கும் மகள் கேட்கவில்லை. அம்மாவின் எச்சிலை எடுத்து அனுப்பினாள். ஃபோலேட்டைக் கையாளும் ஜீன் பிரேக் அக்காவுக்கு மந்தமாக வேலை செய்யும் வகை என்று பதில் வந்தது. உடனே பிரேக் அக்காவின் அம்மாவுக்கும், அப்பா வழி அத்தைக்கும் சண்டை மூண்டது.

"எங்க பக்கத்துல யாரும் இப்படி இல்லை. எல்லாம் உங்க வம்சம்!" என்றாள் அம்மா.

"எங்க வம்சமா? உங்க தம்பி வருஷம் பூரா போர்வைக்குள்ளயே இருந்தாரே, அது என்ன?"

"ரெண்டு பக்கத்துலேருந்தும் ஆளுக்கு ஒண்ணு வந்திருக்கு" என்றாள் மகள். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள்.

டாக்டர் அந்த முடிவைப் பார்த்துச் சிரித்தார். "இது எத்தனையோ பேருக்கு இருக்கு. அவங்கள்ல பலபேர் நல்லாத்தான் இருக்காங்க. இதுவும் ஒரு சின்னக் காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பி12 ஊசி போட்டுக்குங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

அந்தக் கடைசி வரியில் முதல் பாதிதான் அவள் காதில் ஏறியது. சில வாரங்களில் "கொஞ்சம் பாத்து" என்று ஈனஸ்வரத்தில் தொடங்கிய திட்டு, பழைய சுதிக்கு வந்துவிட்டது. எல்லாம் வைட்டமின் மகிமை என்று மாத்திரையை அலமாரிக்குள் தள்ளினாள். கண்ணில் பட்டவருக்கெல்லாம் பி12 சிபாரிசு செய்தாள். டிராஃபிக் போலீஸ்காரர்கூட தப்பவில்லை.

பிறகு ஒரு காலையில் பல் விளக்கப் போனவள், பிரஷைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். இந்தத் தடவை யாரும் இழுத்துப்போக வேண்டியிருக்கவில்லை. தானே போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"திட்டுங்க டாக்டர், தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"உங்க அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லையே" என்றார் டாக்டர், மாத்திரையை மறுபடி எழுதிக்கொண்டே.

அவள் தேறிவந்த சமயத்தில், டைல்ஸ் போடும் அண்ணன் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதாக அண்ணி சொன்னாள். பிரேக் அக்கா எல் போர்டு மாட்டிய ஸ்கூல் வண்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லை, நீ போ."

"ஒண்ணும் இல்லேன்னா வந்து வண்டியில உக்காரு."

இரண்டு தெரு தாண்டும்வரை அவள் திட்டவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, எனக்குப் பல்லு விளக்கக்கூட முடியாம போச்சு."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சேன்" என்றார்.

அப்படியே வண்டியை டாக்டரிடம் விட்டாள். அண்ணனுக்கு பி12, ஃபோலேட் இரண்டுமே அமோகமாக இருந்தன. அதில் அவளுக்குப் பெரிய ஏமாற்றம். பரிசோதனைக்கூடத்தில் மறுபடி பார்க்கச் சொல்லிச் சண்டைகூடப் போட்டாள். அண்ணனைத் தூக்கி நிறுத்தியது மாத்திரையும், வாராவாரம் டாக்டரோடு பேசியதும்தான். இரண்டு மாதத்தில் அவர் வேலைக்குத் திரும்பினார். முதல் வேலை தங்கை வீட்டுக் குளியலறை. வாசலில் நின்றுகொண்டு, ஒரு டைல் கோணலாக இருக்கிறது என்று அவள் திட்டிக்கொண்டிருந்தாள். அது கோணலே இல்லை.