அண்டா காலியான ஞாயிறு

எங்கள் செலியமேட்டில் ஆடி மாதக் கூழை வீட்டுக்கு வீடு காய்ச்சி, மாரியம்மன் கோயில் அண்டாவில் கொண்டுபோய் ஊற்றுவோம். எல்லாம் கலந்துவிடும். எது யார் வீட்டுக் கூழ் என்று தெரியாது. என் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதுவே பெரிய நிம்மதி. கடைசி ஆளாக வந்து கவிழ்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

"எனுக்கு இன்னாக்கா தெரியும்" என்பதுதான் எப்போதும் அவள் பேச்சு. புருஷன் அவளை 'மக்கு' என்றுதான் கூப்பிடுவான். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அந்தத் திரும்பல்தான் எனக்குப் பொறுக்காது.

அவள் வீட்டில் கூழ் குடித்தவள் நான். கட்டி இருக்காது, புளிப்பு அளவாக இருக்கும். போன ஆடிக்கு, "தெருவுக்கே நீதான் காய்ச்சணும், மாவு எல்லார் வூட்லேந்தும் வரும்" என்று நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். என் தோழியிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். வில்லியனூர் சந்தைக்கு ஒரே வண்டியில் போகிறவர்கள் நாங்கள்.

"நல்லா இருந்தா வாயத் தொறந்து சொல்லுடி. குடிச்சிட்டுச் சும்மா போயிடாத. அவளுக்குத் தெம்பு வரணும்."

"நான் பாத்துக்கிறேன்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரிசை ரோடு வரைக்கும் நின்றது. "யார்பா காய்ச்சினது? இன்னொரு சொம்பு ஊத்து" என்று ஒருவர் திரும்பி வந்தார். தோழி தன் தூக்குவாளியை இரண்டு தடவை நிரப்பிக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி கரண்டியோடு நிமிர்ந்து நின்று, "அண்ணே, வெங்காயம் வோணுமா?" என்று கத்தினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மறுநாள் ஏரிக்கரையில் நூறு நாள் வேலை. "அடுத்த வருஷமும் நீதான்டி" என்று யாரோ அவளிடம் சொல்ல, அவள் சிரித்தாள். அப்போது என் தோழி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"ஐய, நல்லாருக்குன்னு சொல்லச் சொல்லி அக்கா ஆர்டர் போட்டுச்சி. நாங்க சொன்னோம். இது நெசம்னு நெனைச்சிக்கினா பாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். "நான் அப்பிடியாடி சொன்னேன்?" என்ற என் குரல் அதில் அமுங்கிப்போனது. அவள் தோழியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

திரும்பி வரும்போது தோழியைப் பிடித்துக் கேட்டேன். "வெளையாட்டுக்குதான்கா. ஒரே நாள்ல இன்னா நிமிர்ந்து நடக்கிறா, பாத்தியா?" என்றாள். நான் தெம்பு என்று நினைத்தது அவளுக்குத் திமிராகத் தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"சத்தியமா நல்லா இருந்துதுடி."

"நீ வேற இன்னாக்கா சொல்லுவ?"

எந்தச் சொல்லால் அவளைத் தூக்கி நிறுத்தினேனோ, அந்தச் சொல்லையே செல்லாமல் ஆக்கிவிட்டாள் என் தோழி. வாசலுக்கு வந்தேன். பின்னாலிருந்து அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அண்டாவ நான்தான் கழுவினேன். அடியில ஒரு பொட்டுகூட இல்ல, வழிச்சிட்டாங்க. அதையும் நீ சொல்லியா செஞ்சாங்க?"

நான் திரும்பினேன். அவள் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தாள்.