மட்டையில் எழுதிய மூன்றாவது கேள்வி

நஸீர் நானா இன்று காலையில் மௌத்தாகிவிட்டார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் லேன் வாசலில் சில்லறைக் கடை வைத்திருந்த நானா. சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர், பிறகு எழும்பவில்லையாம்.

நான் இங்கே எதுவும் எழுதுகிறவள் இல்லை. மற்றவர்களுடைய போஸ்ட்டுக்கு லைக் போடுவதோடு சரி. பத்தாம் ஆண்டோடு ஸ்கூலை விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநகர சபைத் தேர்தல் வந்தால் நானாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கட்சிக்காரர் வோட்டுக் கேட்டு வந்தாலும் கடை வாசலிலேயே மறித்துவிடுவார்.

"மூணு கேள்வி சேர். பதில் சொல்லிட்டு உள்ளுக்குப் போங்க."

கேள்விகள் அவருடையவை இல்லை. சாமான் வாங்க வருகிறவர்கள் சொல்வதை சிகரெட் பெட்டி மட்டையைப் பிரித்து, அதன் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வார்.

போன தேர்தல் நேரம் நானும் ஒன்று சொன்னேன். கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து...

எங்கள் லேன் முடிவில்தான் பொதுக் கக்கூஸ். இரண்டு மதிலுக்கு நடுவே போகிற பாதை, பகலிலும் இருட்டு. பல்ப் எரியாமல் போய் ஒரு வருடத்துக்கு மேல்.

அங்கே யாராவது நின்றால் கிட்டப் போகும்வரை தெரியாது. ஒருநாள் ஒரு ஆள் நின்றான். ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றான்.

அதற்குப் பிறகு நான் தனியாகப் போவதில்லை. அம்மா வேலை முடிந்து ஆறு மணிக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு இருப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்க மாட்டேன்.

நானாவிடம் இதெல்லாம் சொல்லவில்லை. "அந்தப் பக்கம் லைட் இல்ல நானா" என்று மட்டும் சொன்னேன்.

"அத நீயே கேளு புள்ள."

"ஐயோ நானா, எனக்கு ஏலாது."

"பாண் பழசுண்டா என்னோட சண்ட புடிக்க மட்டும் வாய் வருது!"

சொல்லிவிட்டு மட்டையை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒரு வேட்பாளர் வந்தார். கழுத்தில் மாலை, பின்னால் நோட்டீஸ் கட்டுகளோடு நாலைந்து பேர். நானா மறித்தார். நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்தோம். நான் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் முதுகுக்குப் பின்னால்.

முதல் கேள்வி, அடைத்துக் கிடக்கிற கழிவுநீர்க் கான். உடனடி நடவடிக்கை என்றார். இரண்டாவது, குப்பை லொறி. அதற்கும் உடனடி நடவடிக்கை.

நானா அடுத்த மட்டையை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசித்தார்.

"மூணாவது... பருப்பு அரக் கிலோ, மாசி நூறு கிராம், சவர்க்காரம் ரெண்டு."

வேட்பாளர் யோசிக்கவே இல்லை.

"மிக முக்கியமான கேள்வி. நாங்கள் வந்தால் இவற்றின் விலையை உடனடியாகக் குறைப்போம்."

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

"நானா, அது என்ட சாமான் லிஸ்ட்டு!" என்று கத்தினார் சரோஜா அக்கா.

லேன் முழுக்கச் சிரிப்பு. வேட்பாளரும் சிரித்துவிட்டார். நானாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சவர்க்காரத்துக்கும் வாக்குறுதி கெடச்சிட்டு சரோஜா!"

நானும் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக எப்படியோ வந்துவிட்டது.

"சேர், கக்கூஸ் பக்கம் லைட் இல்ல."

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது நான்தான் என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது.

"பார்ப்போம் தங்கச்சி" என்றார் வேட்பாளர்.

"பார்ப்போமா? இப்பவே பாருங்களேன் சேர். கிட்டத்தான்."

நானா கையோடு கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் பின்னால். பாதைக்குள் நுழைந்ததும் கூட வந்த ஒருவர் போன் டோர்ச்சைப் போட்டார்.

"அத ஓஃப் பண்ணுங்க தம்பி. எங்கட புள்ளயள் போற மாதிரியே போய்ப் பாருங்க" என்றார் நானா.

டோர்ச்சை அணைத்தார். நாலு அடி போயிருப்பார்கள். இருட்டுக்குள் இருந்து ஒரு இருமல்.

வேட்பாளர் துள்ளிப் பின்னால் வந்த வேகத்தில் மாலை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உள்ளே வாளியோடு நின்றது எங்கள் லேன் மரியான் அங்கிள்தான். "என்ன சேர், வோட்டுக் கேக்க இங்கயும் வாறீங்களா?" என்று கேட்டார்.

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை.

"பயந்துட்டீங்களா சேர்?"

"ஓம்" என்றார் அவர், மெதுவாக.

"அந்தப் புள்ள ஒவ்வொரு நாளும் பயப்புடுது."

நான் சொல்லாததை நானா எப்படி அறிந்தார் என்று நான் கேட்கவே இல்லை.

அந்த வேட்பாளர் தோற்றுவிட்டார், பாவம். வென்றவர் நன்றி சொல்ல வந்த அன்றைக்கு, நானா எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் போனேன். நானே கேட்டேன். முழுக்கக் கேட்டு முடித்தேன். எப்போது என்றும் கேட்டேன்.

இரண்டு மாதம் இழுத்தார்கள். பிறகு பல்ப் வந்தது, கம்பிக் கூட்டோடு.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு நான் தனியாகப் போய் வந்தேன்.

திரும்பி வந்த கையோடு கடைக்கு ஓடினேன். நன்றி சொல்லத்தான். அதற்கு இடமே தரவில்லை.

"எனக்கென்ன புள்ள? எங்கட ஊட்டுல கக்கூஸ் உள்ளுக்குத்தான் ஈக்கி. போ, போ, யாவாரத்த பாக்க உடு."

சற்று முன்புதான் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். லேன் பெண்கள் எல்லோரும் வாசல்வரை வந்து நின்றோம். இந்த முறை நான் யாருடைய முதுகுக்குப் பின்னாலும் நிற்கவில்லை.

நன்றி நானா. நல்லபடியாகப் போய்ச் சேருங்கள்.