பயந்தவன் போட்ட கையெழுத்து

ஆரியசாலைக் கடைத்தெருவில் கூட்டுறவு வங்கி தொடங்கவென்று, மனுவில் கையெழுத்துக் கேட்டு ஒருவர் கடை கடையாக ஏறி இறங்கினார். ரிட்டயரான வங்கிக்காரர். ஒல்லியான உடம்பு, கக்கத்தில் குடை. வழியில் பூட்டிய கதவைக் கண்டால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

"முதல்ல மத்தவங்க கையெழுத்துப் போடட்டும், அண்ணாச்சி. பிறகு ஆலோசிக்கலாம்" என்றே வியாபாரிகள் எல்லோரும் சொன்னார்கள்.

மிளகாய்க் கடையில் மூட்டை தைக்கும் என்னிடமும் வந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். பயத்தில் கேட்டுக்கொண்டே போனேன்.

"மழைவெள்ளம் ஏறினா? மேனேஜரே சுருட்டிட்டுப் போனா? நீங்க செத்துப்போனா?"

"லைசன்ஸ் எப்படியும் கிட்டும், மக்கா. உறக்கம் வராத ஆளு ஒருத்தன் கமிட்டியில வேணும். நீ வா."

"கேலி பண்ணுதியளா?"

"இல்லடே. கமிட்டியில என்கூட இருக்கவன் எல்லாம் தைரியசாலி. அதான் பயமா இருக்கு."

மூட்டை தைக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"அந்தப் பயந்தாங்கொள்ளியே போட்டுட்டானா" என்று தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

அவர் எதற்காக என்னைத் தேடி வந்தார்? என் பயத்துக்காகவா, என்னைப் பார்த்து இவர்கள் பயம் தெளிவார்கள் என்றா? இன்னும் விளங்கவில்லை. லைசன்ஸ் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, தெருவில் ஒவ்வொரு பூட்டையும் நானும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறேன்.