சத்தம் போன மோரிஸ்

கோர்படிப் பகுதியில் ஹெர்பர்ட்டைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவருடைய காரைத்தான் சொல்வார்கள், அதுவும் திட்டிக்கொண்டே. தெருமுனையில் திரும்பும்போதே டக்டக்கென்று ஊரைக் கூட்டும் பழைய மோரிஸ் மைனர். சிலிண்டர் தேய்ந்து அகன்றுபோய், உள்ளே பிஸ்டன் ஆடி ஆடிச் சுவரில் இடிக்கிற சத்தம் அது. ராணுவ வண்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷன். ஊரார் வண்டியையெல்லாம் சரிபண்ணுவார், தன் வண்டிக்கு மட்டும் நேரமில்லை என்பார்.

அந்தச் சத்தம் ஒரே ஒருத்திக்கு வேண்டியிருந்தது. அவர் மனைவி ஈனிட்டுக்கு. மறதி நோய் அவளை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. பெற்ற மகள் டானியாவையே நர்ஸ் என்றாள். ஆனால் சாயங்காலம் கார் தெருவுக்குள் நுழைந்தால் போதும், எழுந்துபோய்க் கதவைத் திறந்து, "வந்துட்டியளா" என்பாள். மற்ற நேரமெல்லாம் அவர் யாரோ. அந்த ஒரு நிமிஷம் மட்டும் புருஷன். அதற்காகவே ஹெர்பர்ட் தினமும் கேம்ப் கடைத்தெரு வரை போய்ச் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். பைத்தியக்காரத்தனம் என்றால் பைத்தியக்காரத்தனம்தான், அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மழைக்காலத்தில் வண்டி படுத்துவிட்டது. புகை கக்கியது, ஆயிலைக் குடித்தது, ஒருநாள் பாதி வழியில் நின்றே போனது. அன்றைக்கு அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஈனிட் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கார் போய்விட்டால் நானும் இவளுக்கு இல்லாமல் போய்விடுவேனே என்று அவர் பயந்தார்.

மறுநாளே என்ஜினைக் கழற்றி, முகமது ரஃபீக்கின் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். சிலிண்டர்களைக் கடைந்து சீராக்கி, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன்களும் வாங்கியாயிற்று. பொருத்துகிற வேலையை மட்டும் அவர் யாருக்கும் விடவில்லை. வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்தார். பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்குகளின் இடைவெளிகள் ஒரே கோட்டில் வராதபடி திருப்பி வைத்து, எண்ணெய் தடவி, சுத்தியல் கைப்பிடியால் மெல்லத் தட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். ஈனிட் நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெக்கானிக்குக்கு ஒரு டீ குடு," என்றாள் டானியாவிடம்.

ஹெர்பர்ட் சிரித்துக்கொண்டார். வண்டி ஓடட்டும், அப்புறம் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

வண்டி ஓடியது. ஓடியதா, வழுக்கியதா! கேம்ப்பில் பழக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்து, புது வண்டியா என்று கேட்டார். ஹெர்பர்ட் பெருமை தாங்காமல் திரும்பி வந்தார். தெருமுனை தாண்டியது. வீட்டு வாசல் வந்தது. கதவு திறக்கவில்லை. ஹாரன் அடித்தார். அப்போதும் திறக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடப் பாவி மனுஷா, அவளுக்குத் தெரிந்தது காரா, சத்தமா? மெக்கானிக் புத்தி அது. வண்டியில் சத்தம் வந்தால் நோய், நோயைத் தீர்த்தாக வேண்டும். அதைத் தாண்டி ஒரு எட்டு யோசிக்கவில்லை.

பழைய பிஸ்டன்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு ரஃபீக்கிடம் ஓடினார். இதையே திரும்ப மாட்டிவிடலாமா என்று கேட்டார். ரஃபீக் அவர் முகத்தைப் பார்த்தான். கிண்டல் செய்ய வந்தவன் பையை வாங்கிக் கீழே வைத்தான்.

"அப் நஹி ஹோகா, அங்கிள்," என்றான். இனிமேல் முடியாது. கடைந்தெடுத்த இரும்பை எங்கே போய்ப் பொறுக்குவது? இந்தச் சிலிண்டரில் பழைய பிஸ்டன் நிற்காது, வண்டி கிளம்பவே கிளம்பாது. ஹெர்பர்ட் அந்தப் பட்டறை பெஞ்சிலேயே உட்கார்ந்து, வெட்கம் பார்க்காமல் அழுதார்.

வீடு திரும்பியபோது ஈனிட் மேஜையில் ஒரு தட்டை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்ததும் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரவுகளுக்கு," என்றாள். "நீங்க வர்ற வழியில ஒரு பழைய காரைப் பாத்தியளா?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"பாத்தேம்மா. புது பிஸ்டன் போட்டிருக்காரு. கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் ஓட்டணும். வந்துருவாரு."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு ஈனிட் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.