சத்தம் கேட்காத ஞாயிற்றுக்கிழமை

அந்த வீட்டில் எனக்கு இலை போட்டபோதெல்லாம் என் சட்டைப் பைக்குள் ஒரு காகிதம் நான்காக மடிந்து கிடக்கும். சோற்றைப் பிசையக் குனிந்தால் அதன் முனை நெஞ்சில் குத்தும். "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா தம்பி" என்று எதிரே நிற்பவர் அந்தக் காகிதத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். ரசம் கிடைத்தது, மோர் கிடைத்தது, கிளம்பும்போது பை நிறையத் தேங்காயும் கிடைத்தது. கையெழுத்து மட்டும் கிடைக்கவில்லை.

அவர் என் மாணவனின் அப்பா. பொள்ளாச்சியிலிருந்து உடுமலை போகும் வழியில் தென்னந்தோப்பு வைத்திருந்தார். மகனுக்கு ஒன்பது வயது, பேச்சு வரவில்லை. வார நாட்களில் நகரத்தில் கணபதி என்ற பகுதியில் மாமா வீட்டில் தங்கி எங்கள் சிறப்புப் பள்ளிக்கு வந்தான். பள்ளி என்றால் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறைகள். இரும்பு கடையும் சத்தம் எழுந்தால் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். இவன் மட்டும் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு கத்துவான். ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் அப்பா அந்தச் சீட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். "பேச்சுத்தானுங்க தாமசம். எங்க சித்தப்பாவும் லேட்டாத்தானுங்க பேசுனாரு" என்பார். அந்தச் சித்தப்பா பிறகு பஞ்சாயத்தில் யாரையும் பேச விட்டதில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் அவனைக் கவனித்து எழுத ஆரம்பித்தேன். கடிப்பதற்கு முன் என்ன நடந்தது, கடித்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று. தாகம் எடுத்தாலும், வெளியே போக வேண்டுமென்றாலும் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. கத்தினால் யாராவது தண்ணீர் கொண்டுவருவார்கள், அதைத்தான் அவன் கற்றிருந்தான். சின்னச் சின்ன அட்டைகளில் படம் வரைந்தேன். செம்பு, கதவு, ஊஞ்சல். படத்தை எடுத்து என் கையில் வைத்தால் அந்தப் பொருள் உடனே கிடைக்கும். முறையாகக் கேட்டால் அந்த நொடியே கொடுத்தாக வேண்டும், அதுதான் விதி. மழைக்காலம் முடிவதற்குள் அவன் மணிக்கட்டுக் காயங்கள் ஆறிவிட்டன.

அப்போதுதான் நூலகத்தில் ஒரு பழைய இதழில் பார்த்தேன், இதற்கென்றே வெளிநாட்டில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. நடத்தைப் பகுப்பாய்வும் ஆட்டிசமும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் மண் சலிக்கும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"டாக்டருக்குப் படிக்கறயா கண்ணு?"

"இல்லீங்கப்பா. கொழந்தைங்க ஏன் அப்படிப் பண்றாங்கன்னு பாத்து, சொல்லிக்குடுக்கற படிப்பு."

"அதத்தானே இப்பவும் பண்ணிட்டிருக்கறே. அதுக்கெதுக்குச் சீமைக்குப் போகோணும்?"

விண்ணப்பத்தில் முக்கியமாகக் கேட்டிருந்தது ஒரு குழந்தையைப் பற்றிய அறிக்கை, கூடவே பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து. முதல் நாளிலிருந்து நான் குறித்து வைத்திருந்தது இவன் ஒருவனைப் பற்றித்தான். மற்றப் பிள்ளைகள் வருவதும் நிற்பதுமாக இருந்தார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் பொள்ளாச்சி பஸ் பிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். "அதுக்கென்னுங்க, செஞ்சுபோடலாமுங்க" என்பார் அவர். "மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசிக்கலாமுங்க" என்பார். சாப்பிட்ட பிறகு தோப்பைச் சுற்றிக் காட்டுவார். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இதெல்லாம் இல்லை என்பதன் வேறு வேறு வடிவங்கள்தான் என்று இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருப்பவனுக்கு அது தெரிவதில்லை. ஒரு வாரம் கொஞ்சம் அழுத்திக் கேட்டுவிட்டேன்.

"பேரை மாத்தித்தானுங்க எழுதுவேன். ஊர்ப் பேரும் இருக்காதுங்க."

"பேருமில்லை, ஊருமில்லைன்னா அது எம்பையனே இல்லீங்களே தம்பி. அப்பறம் எங்கையெழுத்து எதுக்குங்க?" என்றவர், உள்ளே திரும்பி, "அம்மணி, வாத்தியாருக்கு மோர் கொண்டா" என்றார். மோர் கொண்டுவந்தது அவருடைய மகள், பையனின் அக்கா. திரும்பும் பஸ்ஸில் வழி நெடுக அவர் கேள்விக்குப் பதில் தேடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலில் இரண்டு கார்கள் நின்றன, முற்றத்தில் வாடகை நாற்காலிகள். என்னைக் கண்டதும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பற்றினார்.

"சாமி மாதிரி வந்தீங்க தம்பி. பொண்ணு பாக்க வந்திருக்காங்க. பையன மோட்டார் ரூம்ல உட்டிருக்கறேன், சொன்னாக் கேக்க மாட்டீங்கறான். சத்தம் இங்க கேக்காமப் பாத்துக்குங்க, அது போதுமுங்க."

தோப்பின் கடைசியில் கிணற்றோரம் இருந்தது அந்த அறை. உள்ளே ஆயில் நாற்றம். பையன் சுவரில் சாய்ந்து மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆறிய இடம் மறுபடி சிவந்திருந்தது. அவன் அட்டைகளெல்லாம் கணபதியில். என்னிடம் இருந்தது விண்ணப்பத்துக்கான அறிக்கை மட்டும்தான். அதன் கடைசிப் பக்கத்தில் எல்லாப் படங்களையும் நகலெடுத்து ஒட்டியிருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து, படங்களைத் தனித்தனியாகப் பிய்த்துத் தரையில் பரப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். செம்புப் படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான். தொட்டியில் முகந்து கொடுத்தேன். குடித்தான். மறுபடி அதே படம், மறுபடி தண்ணீர். கத்தவில்லை. அங்கே அவர்கள் பஜ்ஜி தின்று, பெண்ணைப் பார்த்து, பூ வைத்துவிட்டுப் போகும்வரை இங்கே ஒரு சத்தமில்லை.

அவன் கதவுப் படத்தையும் ஒருமுறை எடுத்துக் கொடுத்தான். நான் தாழ்ப்பாளைத் திறந்து அவனைப் பின்பக்கம் வரப்பில் நடக்க வைத்தேன். தூரத்தில் கார்கள் தெரிந்தன. யாராவது திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணில் பட்டுவிடுவான். ஆனாலும் கேட்டதைக் கொடுத்தாக வேண்டும், விதி விதிதான்.

வீட்டில் அவர் முகம் மலர்ந்திருந்தது. "ஒரு சத்தமில்லீங்களே! எப்படித் தம்பி பண்ணுனீங்க?"

"அதத்தானுங்க எழுதி வெச்சிருக்கறேன். ஒரே ஒரு கையெழுத்துங்க."

அவர் சிரிப்பு நின்றது. "இன்னிக்குத்தானுங்க முடிவாயிருக்கு. இன்னிக்கே பையன் இப்படின்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே. முடியாதுங்க தம்பி." அந்த வீட்டில் நான் கேட்ட முதல் நேரடியான சொல் அதுதான். எனக்குக் கோபம் வந்தது. என் வேலை பலித்தது என்பதற்கு அன்றைய மத்தியானத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த வேலையே நடந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டுப்புடவை கலையாத அக்கா வாசல்வரை வந்தாள். "தம்பி தண்ணி கேட்டானுங்களா?"

"கேட்டானுங்க. அவனாக் கேட்டான்."

"எனக்காகன்னுதான் ஒளிக்கறாங்க. நான் ஒளிக்கச் சொல்லலீங்க" என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

அறிக்கை இல்லாமல்தான் விண்ணப்பம் போயிற்று. முழுமையாக இல்லை, அடுத்த ஆண்டு முயலவும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்களாவது தெளிவாகச் சொன்னார்கள். அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் அவர் பள்ளிக்கே வந்து, தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து என்னை அழைத்தார். கிளம்பும்போதுதான் சொன்னார், பையனை இனி ஊரிலேயே வைத்துக்கொள்வதாக. "சம்பந்தி வீடு கணபதியிலயே இருக்குதுங்க. அவங்க கண்ணுல பட்டா நல்லாருக்காதுங்க." அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவன் எந்தப் படத்தைக் கொடுத்தால் என்ன தரவேண்டும் என்று விளக்கினேன். "செஞ்சுபோடலாமுங்க" என்றார்.

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவனுக்கு இப்போது மீசை அரும்பும் வயது.

இத்தனை வருடம் கழித்து மறுபடி முயலலாம் என்று, இந்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை நேற்று பிரித்தேன். இம்முறை வேறொரு பிள்ளையின் அம்மா தயங்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். ஆனால் இதற்கு முன் கற்றுக்கொடுத்த குழந்தை ஒன்றைப் பற்றியும் எழுதச் சொல்லி, பெயர் வேண்டாம் என்று குறிப்பிட்டு, புதிதாக ஒரு கேள்வி சேர்த்திருக்கிறார்கள்: நீங்கள் விலகிய பிறகும் அந்த மாற்றம் நிலைத்ததா? தென்னந்தோப்புப் பையனைப் பற்றித்தான் எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். அந்த இடத்தில் மட்டும், தெரியாது என்று எழுதியிருக்கிறேன்.